வீட்டை இடிக்கும் முன் ஆசாரியைக் கேளுங்கள்

மட்டாஞ்சேரி ஜூ டவுன் வழியாக நடந்து போகாதவர்கள் நம் சங்கத்தில் யாரும் இருக்க முடியாது. ஊரிலிருந்து மாமனாரோ மச்சானோ வந்தால் டச்சு அரண்மனை, யூதர் கோவில் என்று காட்டிவிட்டு அந்தத் தெருக் கடைகளிலும் ஒரு சுற்று வருவது நமக்கெல்லாம் வழக்கம். ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் மணத்த கிடங்குகளில் பல இன்று பழம்பொருள் கடைகளாகிவிட்டன. பித்தளை அண்டா, ஊஞ்சல் பலகை, பல்லாங்குழி, மரப்பாச்சி, ஆளுயரக் கதவு, நிலை, தூண் என்று ஒரு பெரிய வீட்டையே பிரித்து அடுக்கி வைத்தது போல் இருக்கும். விருந்தாளிகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் பார்த்தேன். இப்போது அந்தப் பக்கம் போனால் எனக்கு நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்தத் தூண்களும் நிலைகளும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. செட்டிநாட்டிலிருந்தும் தஞ்சை ஜில்லாவிலிருந்தும் வந்தவை அவற்றில் எத்தனையோ. நம்மைப் போல் பிழைப்புக்கு ஊரை விட்டு வந்தவர்கள், பூர்வீக வீட்டைப் பராமரிக்க ஆள் இல்லாமல், பங்காளிகள் ஒத்துப்போகாமல், கடைசியில் இடித்து மனையாக்கி விற்றுவிடுகிறோம். இடிக்கும் போது மரம் தனியாகப் பேரம் பேசப்படுகிறது. நல்ல சித்திர வேலை உள்ளது பழம்பொருள் வியாபாரிக்குப் போகும். வேலைப்பாடு இல்லாத உத்திரமும் கைமரமும் எடை போட்டு, சில சமயம் செங்கல் சூளைக்கு விறகாகவும் போகும்.

நானும் அப்படி விற்றவன்தான். எங்கள் பூர்வீக வீடு கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் இடையில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. என் தகப்பனார் 1950-களில் இங்கே பஜார் ரோட்டில் ஒரு மிளகு மண்டியில் கணக்கு எழுத வந்தார். வந்தவர் வந்தவர்தான். 2019-ல் வீட்டின் பின்கட்டு மழையில் சரிந்தபோது அதை இடித்து அப்புறப்படுத்தும்படி தரகர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். மரத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. "பழைய கட்டைதானே சார், கருத்துப் போய்க் கிடக்குது, ஆணி இறங்க மாட்டேங்குது, இதை யார் வாங்குவா?" என்று சொல்லி, இடிப்புக் கூலிக்கு அதையே கழித்துக்கொண்டார். எனக்கும் தொல்லை விட்டது என்றிருந்தது.

மூன்று வருடம் கழித்து, நம் சங்கத்து அன்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணம் எர்ணாகுளத்தில் நடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நாதஸ்வர செட் வரவழைத்திருந்தார்கள். (நாகஸ்வரம் என்பதே சரி என்று பண்டிதர்கள் சொல்வார்கள். அது சரியாகவே இருக்கட்டும். நான் வாயில் வந்தபடி நாதஸ்வரம் என்றும் நாயனம் என்றும் எழுதுகிறேன்.) முதல் நாள் ஜானவாசம் முடிந்த பிறகு வித்வானுக்குச் சாப்பாடு பரிமாறும் பொறுப்பு எனக்கு வந்தது. அவர் கையிலிருந்த நாயனத்தில் உலவின் மேல் ஒரு வெள்ளிப் பூண் கட்டியிருந்தது. அழகுக்குப் போட்டது என்று நினைத்து, நன்றாக இருக்கிறதே என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அழகுக்கு இல்லீங்க, வெடிப்பை மறைக்க. புதுக் குழலுக்குச் சொல்லி வச்சு ரெண்டு வருஷம் ஆவுது. ஆசாரி கையில மரம் இல்லை. கட்டை கிடைச்சா கூப்பிடறேங்கிறார்" என்றார். என்ன மரம் என்று கேட்டேன். "ஆச்சா. அதுவும் புது மரம் ஆவாது. பழைய வீடு இடிச்ச கட்டைதான் வேணும். கருத்துப்போய், ஆணி இறங்காம இருக்கும் பாருங்க, அந்தக் கட்டை."

கையில் சாம்பார் வாளியோடு நின்ற எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்றது. அதே வார்த்தைகள். தரகர் சொன்னது இழிவாக, இவர் சொன்னது ஏக்கத்தோடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது நரசிங்கம்பேட்டைக்குப் போனேன். ஆடுதுறையை அடுத்த ஊர். கும்பகோணம் – மயிலாடுதுறை பாதையில் ரயில் நிலையமே உண்டு. சிறு வயதில் நூறு முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒரு முறையும் இறங்கியதில்லை. நாடெங்கும் உள்ள வித்வான்கள் தேடி வரும் நாதஸ்வரத்தைக் கடைகிற ஊர் அது. கடைபவர்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்கள்தான். ஒரு ஆசாரியார் வீட்டு வாசலில் உட்கார்ந்து பாதி நாள் பேசிக்கொண்டிருந்தேன். அவர் வேலையை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஏன் பழைய மரமே வேண்டும் என்பதுதான் என் முதல் கேள்வி. காட்டில் வெட்டிய புது ஆச்சாவில் ஈரம் இருக்கும். மேலே காய்ந்தது போல் தெரிந்தாலும் உள்ளே வற்றியிருக்காது. அதைக் கடைந்து நடுவில் துளை போட்டால், பிறகு வற்ற வற்ற மரம் சுருங்கும், துளை கோணும், நாதம் பிசகும். போதாததற்கு நாயனம் படும் பாடு வேறு. உள்ளே வித்வானின் மூச்சு ஈரம், வெளியே சுவாமி புறப்பாட்டு வெயில். ஒரு பக்கம் நனைந்து ஒரு பக்கம் காய்கிற மரம் வெடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் 75, 100 வருடம் ஒரு வீட்டில் உத்திரமாகவோ தூணாகவோ நின்ற கட்டை, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்துவிட்டது. எத்தனை ஐப்பசி மழையையும் சித்திரை வெயிலையும் பார்த்துவிட்டது. இனி அது அசையாது. வைரம் பாய்ந்த கட்டை என்று நாம் கிழவர்களைச் சொல்கிறோமே, அது சும்மா வந்த வார்த்தை அல்ல. ஆச்சா நம் நாட்டு மரங்களிலேயே மிகக் கனமானவற்றில் ஒன்று. வைரக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, மூழ்கும். ஆசாரியார் ஒரு துண்டை என் கையில் கொடுத்தார். இரும்பைக் கொடுத்தது போல் இருந்தது.

அந்தக் கட்டையை அளவுக்கு அறுத்து, கடைசலில் ஏற்றி, உருளையாக்கி, மேலிருந்து கீழே போகப் போக அகலும்படி கடைய வேண்டும். முன்பெல்லாம் ஒருவர் கயிறு பிடித்து இழுக்க இன்னொருவர் உளி பிடிப்பாராம். இப்போது மோட்டார் சுற்றுகிறது. உளி பிடிப்பது மட்டும் மாறவில்லை. உள்துளையும் ஒரே அகலம் அல்ல, வாயருகில் குறுகலாகவும் அடியில் விரிவாகவும் இருக்க வேண்டும். அதனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பருமனில் துளை ஊசிகளை இறக்குகிறார்கள். இவ்வளவு இறுகிய மரத்தில் இரண்டரை அடி நீளத்துக்கு நேராகத் துளை போடுவது லேசான காரியமா? கொஞ்சம் ஓரம் சாய்ந்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண், கட்டையும் வீண். பிறகு வாசிக்கும் துளை ஏழு, அடியில் ஒலியைச் சீர்செய்யும் துளை ஐந்து. கீழே பூ விரிந்தது போல் இருக்கும் அணசைத் தனியாகக் கடைந்து பொருத்துகிறார்கள். மேலே உலோகக் கெண்டை, அதன் மேல் சீவாளி. சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வது, அது வேறு கை, வேறு வீடு. பக்கத்துத் திருவாவடுதுறை அதற்குப் பெயர்போனது.

திருவாவடுதுறை என்றதும் உங்களுக்கெல்லாம் டி.என். ராஜரத்தினம் பிள்ளை ஞாபகம் வந்திருக்கும். 1956-ல் மறைந்தவர். எங்கள் வீட்டில் அவருடைய தோடி இசைத்தட்டு இருந்தது, அதை அப்பாவைத் தவிர யாரும் தொடக்கூடாது. அவர் காலத்துக்கு முன்பு பெரும்பாலும் வாசித்தது திமிரி. குட்டையான குழல், நாலு நாலரைக் கட்டைச் சுருதியில் கீச்சென்று உயரப் போகும். அவர் நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்துக்கு ஒரு பெரிய இடத்தைத் தேடிக் கொடுத்தார். அதற்கு அவர் கையும் மூச்சும் மட்டும் போதவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி என்ற மேதை கூட இருந்தார். சுத்த மத்திமம் அந்தக் குழலில் சரியாகப் பேசாது, வித்வான்கள் உதட்டாலும் மூச்சாலும் சரிக்கட்டி வாசித்துக்கொண்டிருந்தார்கள். துளையின் இடத்தையும் உள் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்து, சுத்த மத்திமம் தானாகப் பேசும்படி செய்து கொடுத்தவர் அவர். நாம் வித்வானுக்குத் தங்கத் தோடா போட்டோம், பட்டம் கொடுத்தோம். ஆசாரியின் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

2022-ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரில் படித்திருப்பீர்கள், நம் சங்கத்திலும் சிலர் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறியீடு என்ன செய்யும்? வேறு ஊரில் செய்ததை நரசிங்கம்பேட்டைச் சரக்கு என்று விற்கக்கூடாது என்று தடுக்கும். பெயரைக் காப்பாற்றும். கட்டையைக் கொண்டுவந்து கொடுக்காது. அந்த ஆசாரியார் வீட்டில் சான்றிதழைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "பேரு வந்துடுச்சுங்க, மரம்தான் வரணும்."

இந்த இடத்தில் ஒரு சின்னக் கிளைக்கதை. அமெரிக்காவில் இருக்கும் என் அக்காள் மகன் போன முறை வந்தபோது எனக்கு ஒரு மர ஊதல் கொண்டுவந்தான். சுண்டுவிரலை விடக் கொஞ்சம் நீளம், கையால் கடைந்து மெருகேற்றியது, உள்ளே ஒரு மெல்லிய நாக்கு. வாத்து வேட்டைக்காரர்கள் அதை ஊதினால், பறக்கிற காட்டு வாத்து தன் இனம்தான் கூப்பிடுகிறது என்று ஏமாந்து இறங்குமாம். ஆர்க்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் என்ற சிறிய ஊரில் 1936 முதல் இதற்கு உலகப் போட்டியே நடத்துகிறார்கள் என்றான். நான் அதைக் குட்டநாட்டுப் பக்கம் போனபோது ஒரு வாத்துக் கூட்டத்துக்கு ஊதிப் பார்த்தேன். ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை, மேய்க்கிற ஆள்தான் முறைத்தார். அது கிடக்கட்டும். அங்கேயும் பிளாஸ்டிக்கிலும் அக்ரிலிக்கிலும் செய்வது வந்துவிட்டது, ஆனாலும் மரத்தில் கடைந்ததைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், எந்த மரம், யார் கடைந்தது என்று விசாரித்து வாங்குகிறார்கள் என்றான். மேல்நாட்டு ஓபோ வாத்தியமும் அப்படித்தான். ஆப்பிரிக்கக் கருமரத்தை முதலில் முரட்டுத் துளையாகப் போட்டு, வருடக்கணக்கில் காயவைத்து, பிறகுதான் இறுதி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். மரம் ஆற வேண்டும் என்பதை எந்த நாட்டுக் கைவினைஞனும் அறிந்திருக்கிறான். நம் ஆசாரிகளுக்குக் காயவைக்கும் கிடங்கு நம் வீடுகள்தான். முப்பாட்டன் கட்டிய வீட்டிலேயே மரம் நூறு வருடம் காய்ந்து தயாராக நிற்கிறது. அதை எடுத்துக் கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஆகவே என் தாழ்மையான யோசனை இதுதான். நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேருக்காவது தமிழ்நாட்டில் எங்கோ ஒரு பழைய வீடு, அல்லது வீட்டில் ஒரு பங்கு இருக்கிறது. அதை இடிக்கவோ விற்கவோ போகிறீர்கள் என்றால், தரகரை அழைக்கும் முன் நரசிங்கம்பேட்டை ஆசாரிகளில் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். ஆச்சாக் கட்டை இருந்தால் அவர்களுக்கு முதல் உரிமை கொடுங்கள். இனாமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. நியாயமான விலைக்குக் கொடுங்கள். அவர்களும் இனாமாகக் கேட்பவர்கள் அல்ல.

இதைச் சொன்னதும் வரும் முதல் ஆட்சேபம் பணம். பழம்பொருள் வியாபாரி அதிகம் கொடுப்பானே என்பார்கள். சித்திரத் தூணுக்கும் தேக்குக் கதவுக்கும் அது உண்மை. அவற்றை அவர்களிடமே விற்றுக்கொள்ளுங்கள், தேக்கு நாயனத்துக்கு வேண்டாம். ஆனால் வேலைப்பாடு இல்லாத ஆச்சா உத்திரத்தை ஜூ டவுனில் யாரும் காசு கொடுத்து வாங்கப் போவதில்லை. அது எடைக்குப் போகிற சரக்கு. எடைக்குப் போடுவதை ஆசாரிக்குக் கொடுப்பதால் உங்களுக்கு என்ன நஷ்டம்? ஒரு நாள் அலைச்சல், இரண்டு போன். இடிக்கிற ஒப்பந்தக்காரர் முகம் கொஞ்சம் சுளிக்கும், ஏனென்றால் கட்டையை அரைகுறையாக உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்ல வேண்டும். அதற்குக் கூலி கொஞ்சம் கூடும். அதை மறைக்க விரும்பவில்லை.

சிக்கல் வருவது ஆச்சாவிலேயே தூண் இருந்து, அது பார்வைக்கும் அழகாக இருக்கும்போதுதான். எங்கள் வீட்டுக் கூடத்துத் தூண்கள் நான்கும் அப்படிப்பட்டவை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கசப்பானது. "நாயனம் வாசிக்கவே ஆள் குறைகிறது, கேட்கவும் ஆள் இல்லை, நீர் மரத்துக்கு அழுகிறீரே" என்று நம் செயற்குழு நண்பர் ஒருவரே என்னிடம் கேட்டார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நம் வீட்டு விசேஷங்களிலேயே பாருங்கள். சீமந்தத்துக்குக் கைபேசியில் கெட்டிமேளம். கிரகப்பிரவேசத்துக்கும் அதே. கல்யாணத்தில் நாயனம் வைத்தாலும் மண்டபத்தின் ஒரு மூலையில் உட்காரவைத்து, அவர் ஆலாபனையில் இருக்கும்போது சாஸ்திரிகள் விரலை ஆட்டினால் டக்கென்று நிறுத்தச் சொல்கிறோம். ஆனால் வாசிக்க வருகிற இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாம் வந்து வாழ்கிற இந்தக் கேரளத்திலும் கோவில்களில் நாதஸ்வரம் ஒலிக்கிறது. சேர்த்தலைக்குப் பக்கத்திலிருந்துதான் திருவிழா ஜெயசங்கர் போன்ற ஒரு பெரிய வித்வான் வந்தார். கற்கும் பையன் முதல் நாள் கையில் எடுப்பது விரிசல் விட்ட, சுருதி சேராத குழல் என்றால், அவன் தன் மூச்சில்தான் குறை என்று நினைத்து விட்டுவிடுவான். வாசிப்பவர் குறைவதால் குழல் குறைகிறது என்கிறார் நண்பர். குழல் கிடைக்காததாலும் வாசிப்பவர் குறைகிறார் என்கிறேன் நான். இரண்டு வருடம் காத்திருந்து வெள்ளிப் பூண் கட்டி வாசித்த அந்த வித்வானை நேரில் பார்த்தவன் நான்.

வேறு பொருளில் செய்யக்கூடாதா என்றும் கேட்கலாம். செய்திருக்கிறார்கள். கருங்காலியில் உண்டு. கும்பகோணம் கும்பேஸ்வரர் கோவிலிலும் ஆழ்வார்திருநகரியிலும் கல்லிலேயே செய்த நாதஸ்வரம் இருக்கிறது, அதைப் பார்த்தால் அந்தக் காலத்துச் சிற்பியின் துணிச்சலுக்குக் கும்பிடு போடத் தோன்றும். ஆனால் நாள்தோறும் எட்டு மணி நேரம் தூக்கி வாசிக்கிறவருக்கு, அந்தக் கனிந்த நாதத்தோடு கைக்கு அடங்குவது ஆச்சாதான் என்று வாசிப்பவர்களும் கடைபவர்களும் ஒரே குரலில் சொல்லும்போது, எட்டத்தில் நிற்கிற நான் என்ன சொல்ல?

என் யோசனையில் ஒரு பெரிய குறை உண்டு, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். இது வற்றுகிற கிணறு. 1960-களுக்குப் பிறகு நம் ஊர்களில் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் சிமெண்டும் கம்பியும்தான், அவற்றை இடித்தால் நாயனம் வராது. இப்போது நிற்கிற ஓட்டு வீடுகளும் நாட்டு ஓட்டுக் கூரைகளும் எத்தனையோ அவ்வளவுதான் கையிருப்பு. அவை தீர்ந்தபின்? இன்றைக்கு நடுகிற ஆச்சா மெல்ல வளரும் மரம், வைரம் பாய்ந்து, வெட்டி, காய்ந்து கைக்கு வர நம் பேரப் பிள்ளைகளின் பேரப் பிள்ளைகள் காலமாகும். அரசாங்கமும் கோவில் நிர்வாகங்களும் இன்றே அதை நட ஆரம்பிக்க வேண்டும், ஏற்கெனவே வெட்டிய மரத்தை வாங்கிக் கிடங்கில் போட்டு ஆறவிட வேண்டும். அது நம் கையில் இல்லை. நடுவில் இருக்கிற இந்த இரண்டு தலைமுறையைக் கடத்துவதற்கு மட்டும்தான் நம் வீட்டு உத்திரங்கள் உதவும். அதற்கும் ஒவ்வொரு மாதமும் எங்கோ ஒரு வீடு இடிபட்டுக் கட்டை சூளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆச்சாவை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்பீர்கள். நான் ஒரே நாளில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், மிச்சத்தை ஆசாரி பார்த்துக்கொள்வார். மேலே புகையும் எண்ணெயும் ஏறிக் கருத்திருக்கும். ஒரு மூலையைச் செதுக்கிப் பார்த்தால் உள்ளே கருஞ்சிவப்பு. தேக்கின் பொன்நிறம் இருக்காது, தேக்கின் வாசனையும் இருக்காது. தூக்கினால் அளவுக்கு மீறின கனம். ஆணி அடித்தால் ஆணி வளையும். தட்டினால் மொத்தென்று இல்லாமல் கணீரென்று கேட்கும். கறையான் வெளிப்புறத்து வெளிறிய பாகத்தைத் தின்றிருக்கலாம், அதைப் பார்த்து முழுவதும் உளுத்துவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள். வைரத்தை அது தொட்டிருக்காது. நீளவாக்கில் ஓடும் வெடிப்பு இருந்தால்தான் கஷ்டம், அதையும் ஒதுக்கி அறுத்தால் ஏதாவது தேறும். மூன்றடித் துண்டுகூட வீண் அல்ல. வாசற்படி, மாட்டுக்கொட்டகைத் தறி, உரல் பக்கத்தில் சாய்த்து வைத்த பழைய வண்டிக் கட்டை, எதையும் பார்க்காமல் விடாதீர்கள்.

நம் சங்கம் இதில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நம் மலரில் வரன் தேடும் பக்கம் இருக்கிறது, வாடகை வீட்டுப் பக்கம் இருக்கிறது. அதோடு கால் பக்கம் ஒதுக்கி, "இடிபடப் போகும் வீடுகள்" என்று ஊர் பெயரோடு போடலாம். செயலாளர் இரண்டு ஆசாரிகளின் விலாசத்தை வைத்திருந்தால் போதும். கோயம்புத்தூர், பம்பாய், டெல்லியில் இருக்கும் சங்கங்களுக்கும் எழுதலாம். வீடு இங்கேயா இருக்கிறது? எல்லாம் ஊரில்தான். முடிவெடுக்கிறவர்கள் மட்டும் நாலா திசையிலும் உட்கார்ந்திருக்கிறோம். பொங்கல் விழாவில் பட்டிமன்றத் தலைப்புக்கு நாம் செலவிடும் நேரத்தில் பாதி இதற்குப் போதும். (பட்டிமன்றக் குழுவினர் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அதில் ஒருவன்தான்.)

இனி எங்கள் வீட்டுத் தூண்கள். பின்கட்டுப் போனது போனதுதான், அந்தக் கட்டைகள் எங்கே எரிந்தனவோ தெரியாது. முன்கட்டு நிற்கிறது. அது எனக்கும் ஊரில் இருக்கும் தம்பிக்கும் பொது. போன சித்திரையில் ஆசாரியாரை அழைத்துப் போய்க் காட்டினேன். உத்திரங்களைத் தட்டிப் பார்த்தார், ஒன்று தேக்கு, மூன்று ஆச்சா. கூடத்துக்கு வந்து தூண்களைத் தொட்டதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு தூணுக்கு ஆறு குழல் தேறும்ங்க" என்றார். நாலு தூண், இருபத்துநாலு நாயனம். என் பாட்டி அந்தத் தூணில் சாய்ந்துகொண்டுதான் எங்களுக்குக் கதை சொல்வாள். சாய்ந்து சாய்ந்து ஒரு பக்கம் கண்ணாடி போல் வழவழப்பாக இருக்கும்.

மூன்று உத்திரங்களுக்குத் தம்பி சம்மதித்துவிட்டான். தூண்களுக்கு இல்லை. அடியில் தாமரை வேலைப்பாடு இருப்பதால் வியாபாரி ஒருவர் நல்ல விலை சொல்லியிருக்கிறார். "அண்ணே, அறுத்துத் துளை போடறதுக்கா தாத்தா இதை நிறுத்தினார்? எங்கேயோ ஒரு ஓட்டல்லயாவது தூணா நிக்கட்டுமே" என்கிறான். அவன் பெண்ணின் கல்யாணச் செலவும் அந்தக் கணக்கில் இருக்கிறது, அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. விலையில் எவ்வளவு வித்தியாசமோ அதை என் பங்கிலிருந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் அதற்கு இன்னும் முழுச் சம்மதம் கிடைக்கவில்லை. தை பிறப்பதற்குள் பதில் சொல்வதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். அந்தக் கல்யாணத்துக்கு நாயனம் என் செலவு என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். எர்ணாகுளத்தில் நான் சாப்பாடு பரிமாறிய அந்த வித்வானிடம் தேதி கேட்டாகிவிட்டது. எந்தக் குழலோடு வருவீர்கள் என்று கேட்டேன். இன்னும் அந்த வெள்ளிப் பூண் போட்டதுதானாம்.